சாஸ்கடூனில் ஓடும் ஆறு: மணல் திட்டில் மீனும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது

கனடாவில் சாஸ்கடூனுக்கு வந்து இரண்டு மாதம் ஆன ஒரு தம்பி கேட்டார்: "மே மாதம் பிறந்ததும் ஊரே ஆற்றங்கரையில் தூண்டிலோடு நிற்கிறதே, நாமும் போகலாமா அண்ணா?" தாராளமாகப் போகலாம். முதலில் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். 16 வயது ஆனவர்களுக்குக் கட்டாயம். 65 வயது ஆன மாகாணவாசிகளுக்குத் தேவையில்லை. ஆனால் விசிட்டர் விசாவில் வந்த அப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. விரால் பிடிக்க உயிரோடு குஞ்சு மீன் கோத்துப் பழகியவர்கள் கவனிக்க: இங்கே உயிருள்ள மீனை இரையாகப் போடுவது குற்றம். மண்புழு, அட்டை போடலாம்.

எல்லாரும் தேடுவது வால்ஐ என்ற மீன். உள்ளூர்ப் பெரியவர்கள் பிக்கரல் என்பார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான். டார்ச் அடித்தால் நம்மூர்க் கொடுவா போலக் கண் மின்னும். மங்கல் வெளிச்சத்திலும் கலங்கல் தண்ணீரிலும் அதற்கு நன்றாகக் கண் தெரியும். அதனால் விடிவதற்கு முன்னாலோ பொழுது சாய்ந்த பிறகோ போங்கள். உச்சி வெயிலில் போனால் முகம் கறுப்பதுதான் மிச்சம்.

முதல் கோடையில் நான் நடு ஆற்றைப் பார்த்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசினேன். எட்டு ஜிக் (ஈயக் குண்டு பதித்த தூண்டில் முள்) போனது, மீன் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு மணல் திட்டின் வால் பக்கம், கிட்டத்திலேயே போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான். திட்டின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். கீழ்முனையில் தரை சட்டென்று இறங்கிவிடும். அங்கே வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில், மேலே நுரை ஒரு கோடாகப் போவது தெரியும். அந்தக் கோட்டுக்கு மந்தத் தண்ணீர்ப் பக்கம், அடியில் மீன் சும்மா படுத்திருக்கும். ஆறு கொண்டுவந்து தருவதைத் தின்னும். ஏழு முதல் பத்து கிராம் ஜிக்கைச் சற்று மேல்பக்கமாக வீசி, தரையில் உருண்டு வந்து அந்தப் பள்ளத்தில் விழ விடுங்கள். அவசரமாகச் சுற்றாதீர்கள். 'டிக்' என்று தூண்டில் நரம்பில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளம்தான் ஆளையும் விழுங்கும். காவிரி மணலில் ஓடி விளையாடி வளர்ந்தவன் நான். அந்தத் தைரியம் இங்கே உதவாது. திட்டின் விளிம்பை அடியிலிருந்து தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். நிற்கிற மணல் அப்படியே சரிந்தால் அடுத்த அடியில் தலை முழுகிவிடும். அதோடு, தெற்கே 1967-இல் முடிந்த கார்டினர் அணை இருக்கிறது. அங்கே திறக்கிற தண்ணீரைப் பொறுத்து ஆற்று மட்டம் ஏறி இறங்கும். காலையில் நடந்து போன திட்டிலிருந்து மாலையில் நடந்தே திரும்பலாம் என்று நம்பாதீர்கள். கரையிலிருந்தே வீசுங்கள், பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள். நகருக்குள் இருக்கிற தடுப்பணைப் பக்கம் மட்டும் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். அதன் அடியில் தண்ணீர் பின்னோக்கிச் சுழன்று இழுக்கும். அங்கே லைஃப் ஜாக்கெட்டை நம்பியும் பயனில்லை.

மீன் மாட்டினால் அதன் வாயில் விரல் விடாதீர்கள், பல் கூர்மை. முதுகு முள்ளும் செவுள் மூடியின் ஓரமும் கிழிக்கும். பொதுவாக ஒருவருக்கு நான்கு மீன், அதில் 55 செ.மீ.க்கு மேல் ஒன்று. இடத்துக்கு இடம் மாறும், அந்த வருட விதிப் புத்தகத்தைப் பாருங்கள். வீட்டு ஃப்ரீசரில் இருப்பதும் அந்த நான்கில் சேர்த்தி. தினம் நான்கு என்று சேர்த்து வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பெரியதை விட்டுவிடுங்கள். பாதரசம் அதில்தான் அதிகம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்லதல்ல. நடுத்தர மீன்தான் ருசியும். குழம்பில் கரண்டி பட்டால் உடைந்துபோகும்; மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவி வறுத்துவிடுங்கள். தலையைத் தூக்கி எறிவதற்கு முன், கன்னத்தில் காசு அளவுக்கு இரண்டு துண்டு சதை இருக்கும். அது மீனைப் பிடித்தவருக்கு.