கலைச்சொல்: ‘டிகஸ்டேஸ்’ – நீதிபதியும் வேணாம் ஜூரியும் வேணாம்

எல்லாருக்கும் வணக்கம். பழங்கால ஏதென்ஸ் நீதிமன்றத்துல ஓட்டு போட்டுத் தீர்ப்பு சொன்ன குடிமகனைக் குறிக்கிற கிரேக்கச் சொல் ‘டிகஸ்டேஸ்’. அதுக்குத் தமிழ்ல என்ன போடலாம்ங்கிற பேச்சுல, நீதிபதின்னே போட்டுடலாம்னு ஒரு ஐயா எழுதியிருந்தாரு, ஒரு அக்கா ஜூரின்னாங்க, தீர்ப்பாளர்னும் ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு மூணுமே ஒத்து வரல, ஏன்னு சொல்றேன்.

நீதிபதின்னா நம்ம மனசுல வர்றது சட்டம் படிச்சு மேல உக்காந்திருக்கிற ஒரே ஆள். அந்தக் கால ஏதென்ஸ்ல அப்படி யாருமே கிடையாது. 30 வயசு தாண்டின குடிமக்கள்ல வருஷத்துக்கு 6000 பேரைக் குலுக்கல்ல எடுத்து சத்தியம் வாங்கி வச்சுக்குவாங்க, அதுலேர்ந்து வழக்குக்குத் தகுந்தபடி 201, 401, 501ன்னு உக்காருவாங்க (ஆம்பளைங்க மட்டும்தான், பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரங்களுக்கும் இடமே இல்ல). தினப்படி உண்டு, கி.மு. 5ஆம் நூற்றாண்டு அரசியல் தலைவர் கிளியோன் காலத்துல நாளுக்கு 3 ஓபோல் (சின்ன வெள்ளிக் காசு). தலைமை தாங்குற அதிகாரி ஒருத்தர் இருப்பாரு, ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு விளக்குற வேலை அவருக்கு இல்ல.

அப்போ ஜூரிதானேன்னா அதுவும் இல்ல. ஜூரி தனி ரூம்ல உக்காந்து பேசி முடிவெடுக்கும், சட்ட விஷயத்தை ஜட்ஜ் பாத்துக்குவாரு. இங்க ரெண்டு தரப்பும் தண்ணிக்கடிகாரம் வச்சுப் பேசி முடிச்சதும் கலந்து பேசாமலே நேரா ஓட்டுதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டுல ஆளுக்கு ரெண்டு வெண்கல வில்லை குடுப்பாங்க, நடுவுல சின்னதா ஒரு அச்சு நீட்டிட்டிருக்கும், துளை போட்ட அச்சுன்னா வழக்கு போட்டவருக்கு, கெட்டி அச்சுன்னா எதிராளிக்கு. அச்சோட முனையை விரலால மூடிப் பிடிச்சுக்கிட்டுப் போயி ஒண்ணை வெண்கலச் சாடியில போடணும், அதுதான் எண்ணிக்கைக்கு, மத்தது மரச்சாடிக்கு. பக்கத்துல நிக்கிறவருக்குக் கூட எந்தப் பக்கம் போட்டாருன்னு தெரியாது. இந்த வில்லைங்க ஏதென்ஸ் அகோராவை (பழைய சந்தைத் திடல்) தோண்டினப்போ நிஜமாவே கிடைச்சிருக்கு.

தீர்ப்பாளர் பக்கம் நானும் கொஞ்சம் சாஞ்சேன், ஆனா சாக்ரடீஸ் வழக்கு (கி.மு. 399) அதை அடிச்சுடுது. பிளேட்டோ எழுதினதுல பாருங்க, பேச்சு முழுக்க சாக்ரடீஸ் அவங்களை ‘ஏதென்ஸ்காரர்களே’ன்னுதான் கூப்பிடுவாரு, டிகஸ்டேஸ்னு கூப்பிடவே மாட்டாரு. மரண தண்டனை முடிவான அப்புறம், தன்னை விடுவிக்கச் சொல்லி ஓட்டு போட்டவங்க பக்கம் திரும்பித்தான் அந்தச் சொல்லால கூப்பிடுவாரு, உங்களை அப்படிக் கூப்பிடுறதுதான் சரின்னும் சேர்த்துச் சொல்லுவாரு. தண்டிச்சவங்களும் தீர்ப்பு சொன்னவங்கதானே, அப்போ தீர்ப்பாளர்னு போட்டா ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லாம போயிடும். ‘டிகே’ன்னா நீதி, அது சொல்லுக்குள்ளயே இருக்கிறதாலதான் அந்த இடம் அவ்ளோ வலிக்குது, தமிழ்லயும் வலிக்கணும்.

அதனால நீதியும் வேணும், பல பேர்ங்கிறதும் வேணும், நீதிபதியில இருக்கிற ‘பதி’ (தலைவர்) வேணாம். என் பரிந்துரை ‘நீதியவையர்’, பன்மைக்கு ‘நீதியவையோர்’, அவங்க உக்கார்ற ‘டிகஸ்டேரியன்’ ‘நீதியவை’. சாக்ரடீஸ் வாயில ‘நீதியவையோரே’ன்னு வச்சுப் படிச்சுப் பாருங்க, கச்சிதமா உக்காருது. அறங்கூறவையம்னு மதுரைக்காஞ்சியில அழகான சொல் இருக்கு, எனக்கும் ஆசைதான், ஆனா அங்க இருக்கிறவங்க அதுக்குன்னே தகுதி உள்ள சான்றோர், குலுக்கல்ல வந்த குயவரும் செருப்புத் தைக்கிறவரும் இல்ல.

‘கிரிடேஸ்’ங்கிற இன்னொரு கிரேக்கச் சொல் வேற. டயோனிசஸ் தெய்வத்தோட விழாவுல நாடகப் போட்டிக்குப் பரிசு சொல்றவர் அவர், அங்க நடுவர்னு தாராளமா போடலாம். பைபிள்ல நியாயாதிபதிகள் புத்தகத்துக்குக் கிரேக்கத்துல ‘கிரிடாய்’னுதான் பேரு, அந்தத் தமிழ்ப் பேரு ஊறிப்போச்சு, அதைத் தொட வேணாம்.

ஒருமையில ‘நீதியவையர்’ மரியாதைப் பன்மை மாதிரி கேக்குதுன்னு யாராச்சும் சொல்லக்கூடும், ‘நீதியவை உறுப்பினர்’னு நீட்டுறதை விட இதுவே மேல்னு நினைக்கிறேன், இலக்கணம் தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லுங்க.