சிக்கனம் பேசியே செனட்டில் 31 வருடம் இருந்தவர்: எப்படி முடிந்தது?

கேள்வி (மலேசியா, பாகாவ் பக்கத்துப் பொருளாளர்)
எங்கள் தோட்டத்துக் கோயில் கணக்கு என் கையில். இந்த வருடத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை வேண்டாம், அந்த 1,800 வெள்ளியில் (ரிங்கிட்) ஒழுகும் மடப்பள்ளிக் கூரையை மாற்றலாம் என்றேன். கூட்டத்தில் என்னைக் கஞ்சன் என்றார்கள். மனசு ஆறவில்லை. அமெரிக்காவில் வில்லியம் ப்ராக்ஸ்மயர் என்பவர் சிக்கனத்தையே பேசித் திரும்பத் திரும்ப ஜெயித்தாராமே?

கிராணி (தோட்டக் கணக்கர்) மகள்
அண்ணே, அவரும் முதலில் தோற்றவர்தான். 1951இல் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றம், ஒரே தவணை. பிறகு 1952, 1954, 1956 என மூன்று முறை கவர்னர் தேர்தலில் தோல்வி. விஸ்கான்சின் செனட்டராக இருந்த ஜோசப் மெக்கார்த்தி இறந்ததால் 1957இல் இடைத்தேர்தல் வந்தது. ஜனநாயகக் கட்சிக்காரராக அதில் ஜெயித்து, 1989 தொடக்கம் வரை செனட்டில் இருந்தார்.

நான் மதிப்பது வேறு ஒன்றை. 1976, 1982 தேர்தல்களில் நன்கொடையே வாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் 200 டாலருக்கும் குறைவாகச் சொந்தக் காசுதான் போட்டார். அதுவும் மனு தாக்கல் செலவுக்கும், கேட்காமல் வந்த நன்கொடையைத் திருப்பி அனுப்பும் தபால் செலவுக்கும்! என் அப்பா ஆபீஸ் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு ஒரு கட்டு விறகு எடுத்தாலும், செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) எழுதும் அதே பேனாவால் தன் பெயரில் பற்று எழுதிவிடுவார். பெரட்டில் (காலையில் தொழிலாளர் கூடும் இடம்) அவர் கணக்கை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர்
தங்கச்சி சொன்னது சரி, ஆனால் மறுபக்கமும் உண்டு. விஸ்கான்சின் பால்மாட்டு ஊர். பால் விலைக்கு அரசு கொடுத்த ஆதரவை மட்டும் அவர் எதிர்க்கவில்லை.

வீண்செலவைக் காட்ட 1975இல் ‘கோல்டன் ஃப்ளீஸ்’ என்ற கேலி விருதைத் தொடங்கினார். முதல் விருது, மனிதருக்குக் காதல் ஏன் வருகிறது என்ற ஆய்வுக்கு அரசுப் பணம் 84,000 டாலர் கொடுத்ததற்காக. குரங்குகளின் கோபத்தை ஆராய்ந்த ஹட்சின்சன் என்ற விஞ்ஞானி, தன் ஆய்வையும் இந்த விருதில் இழுத்ததால், வழக்கே போட்டார். செனட்டில் பேசினால் பாதுகாப்பு உண்டு, வெளியே அனுப்பும் செய்திமடலுக்குக் கிடையாது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசியில் ப்ராக்ஸ்மயர் 10,000 டாலர் கொடுத்துச் சமரசம். தலைப்பைப் பார்த்தே ஓர் ஆய்வை வீண் என்பது நியாயமில்லை. வாணவேடிக்கைக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கும் பிள்ளைகளையும் கேளுங்கள் தம்பி.

பாகாவ் பக்கத்துப் பொருளாளர்
நன்றி சார், நன்றி தங்கச்சி. விறகுக் கணக்கைப் படித்ததும் ஒன்று உறைத்தது. நானும் மாதம் 40 வெள்ளி பெட்ரோல் காசு எடுக்கிறேன், அதைக் கூட்டத்தில் வாசித்ததே இல்லை. வருகிற ஞாயிறு முதல் வரியாக அதை வாசிக்கிறேன். கூரை அப்புறம்.