விகோவுக்கு ரொக் ஸ்லைடர்: போல்ட் பாதியில் இறுகுகிறது, வலப்பக்கம் வண்டியின் பொடியோடு முட்டப் பார்க்கிறது

வத்தளை டபள்கெப்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2012 ஹைலக்ஸ் விகோ டபள் கெப். வார நாட்களில் வத்தளைக்கும் கோட்டைக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிதான், ஆனால் மிளகு ஏற்ற மீமுரே மலைக் கிராமம் வரை போய்வர வேண்டியிருக்கிறது. கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு கல்லில் உரசி நெளிந்த பிறகு, அந்த விளிம்பைக் காக்கும் குழாயான ஸ்லைடர், வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் பூட்டுவது, ஒரு சோடி வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு மூன்று கால். ஒவ்வொரு காலின் தகடும் செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஏற்கனவே இருக்கும் மரைத் துளைகளில் இரண்டு எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டால் பூட்டப்படுகிறது, அதோடு செசியைச் சுற்றி ஒரு யூ போல்ட்.

சிக்கல் இரண்டு. பெட்டியில் போல்ட் குறைந்ததால் மீதியை வீட்டுக்குப் பக்கத்து ஹாட்வெயாரில் வாங்கினோம். அவை கையால் இரண்டு சுற்றுப் போய் அப்படியே இறுகிவிடுகின்றன. கராஜ் பாஸ் இம்பெக்ட் கன் (அடித்து இறுக்கும் மெஷின்) போட்டால் போய்விடும் என்கிறார். நான் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மற்றது, இடப்பக்கம் ஸ்லைடருக்கும் பொடிக்கும் இடையில் 16 மி.மீ. இருக்கிறது. வலப்பக்கம் பின் காலருகே வெறும் 5. வேகத்தடை ஏறினால் 'கிறீச்' என்று சத்தம். பாஸ் சொல்லும் வழி, செசியில் கொஞ்சம் கீழே புதுத் துளை போட்டு இறக்கிப் பூட்டுவது. செய்யலாமா?

பஞ்சிகாவத்தைப் பழசு:
தம்பி, முதலில் அந்தக் கன்னை வாங்கி உள்ளே வையுங்கள். ஹாட்வெயாரில் எம்10 என்று கேட்டால் தருவது 1.5 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.5 மி.மீ. டொயோட்டாக்காரன் எம்10க்குப் போடுவது பெரும்பாலும் 1.25. விட்டம் ஒன்றுதான், அதனால் இரண்டு மரை ஏறும், பிறகு கடிக்கும். கன் போட்டால் போகத்தான் செய்யும், உள்ளே இருக்கிற நட்டின் மரையையும் வழித்துக்கொண்டு போகும். அந்த நட் செசிப் பெட்டிக்குள் வெல்ட் வைத்தது. வெல்ட் விட்டு அது தனியாகச் சுற்றத் தொடங்கினால் உள்ளே கைவிட வழியே இல்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மரை அளக்கும் கேஜ் இல்லாவிட்டால் ஸ்கேலால் பாருங்கள். பத்து மரை 12.5 மி.மீ. வந்தால் 1.25, 15 வந்தால் 1.5. வண்டியில் இருந்து கழற்றிய போல்ட் ஒன்றைப் புதியதோடு மரைக்கு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரிந்துவிடும். இங்கே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் 'டொயோட்டா மரை, எம்10, 1.25, தலையில் 8.8' என்று கேளுங்கள், 8.8 என்பது போல்ட்டின் வலிமைத் தரம். தலையில் எண் இல்லாததைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள்.

பூட்டுமுன் எம்10×1.25 டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் மெதுவாக ஓடவிடுங்கள். அந்தத் துளைகளில் பழைய பெயின்ட்டும் மண்ணும் கறளும் அடைந்திருக்கும்.

கடற்கரைவாசி:
கொழும்பு டிராஃபிக்கில் ஸ்லைடர் நல்லதுதான், ஓட்டோக்கள் கொஞ்சம் தள்ளி நிற்கும். சரி, பகிடி போதும். வலப்பக்கப் பின் தகட்டைக் கிட்ட வைத்து ஒரு படம் போடுங்கள். தகடு செசியில் முழுதாகப் படிந்திருக்கிறதா?

மலைவீதி:
புதுத் துளைக்கு நான் முழு எதிர்ப்பு. செசியின் மேல் தட்டும் கீழ்த் தட்டும்தான் வளைவுச் சுமையைத் தாங்குகின்றன. அந்த விளிம்புகளுக்குக் கிட்டத் துளை போட்டால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். பக்கத் தகட்டின் நடுப்பகுதியில் சுமை குறைவு என்றாலும், பெட்டிச் செசியில் ஊடுருவப் பூட்டும் போல்ட்டுக்கு உள்ளே ஒரு குழாய்த் துண்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும், சில நாளில் போல்ட் தளரும். இருக்கிற துளையில் வராத சாமான் என்றால் அது இந்த வண்டிக்கான சாமான் இல்லை.

இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பொடி செசியில் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மேடுபள்ளத்தில் செசி முறுகும்போது இரண்டும் தனித்தனியாக அசையும். 12 மி.மீ.க்குக் குறைந்தால் எனக்கு நிம்மதி இருக்காது. 5 என்றால் கல்லில் உட்கார்ந்த அன்றே பொடி நெளியும், ஸ்லைடர் போட்டதற்கே அர்த்தமில்லை.

இந்த வயது வண்டியில் பொடி ரப்பர் அமுங்கியிருக்கவும் கூடும். ஸ்லைடரைக் கழற்றிவிட்டு, செசியின் அடியில் இருந்து பொடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அளந்து சொல்லுங்கள்.

வத்தளை டபள்கெப்:
அளந்தேன். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மி.மீ. கூட இல்லை, ஆகவே ரப்பர் காரணமில்லை. கடற்கரைவாசி கேட்ட இடத்தில்தான் விஷயம். பின் தகட்டின் கீழ் விளிம்பு செசியில் ஓடும் ஒரு வெல்ட் வரம்பின் மேல் ஏறி நிற்கிறது. மேல் விளிம்பு ஒட்டியிருக்க, கீழே 3 மி.மீ. இடைவெளி, பழைய ஸ்பார்க் பிளக் கேஜ் தகடுகளை அடுக்கிச் செருகிப் பார்த்தேன். போல்ட்டைப் பார்த்தால் 1.5 தான்.

மலைவீதி:
கணக்குச் சரியாக வருகிறது. தகடு 100 மி.மீ. உயரம் என்று வையுங்கள். கீழே 3 மி.மீ. தள்ளினால், 300 மி.மீ. வெளியே இருக்கும் குழாய் 9 மி.மீ. மேலே எழும். 16 இருக்க வேண்டிய இடத்தில் 5 வந்ததில் பெரும்பங்கு அதுதான்.

செசியின் வெல்டைத் தேய்க்க வேண்டாம். தகட்டைக் கழற்றி, வெல்ட் வரும் இடத்தில் மட்டும் அரத்தால் ஒரு வளைவு வெட்டுங்கள். வெட்டிய வாயில் சிங்க் பிரைமர், அதன் மேல் பெயின்ட். வாசர் அடுக்கி நிமிர்த்தலாம் என்று பாஸ் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சுமை முழுக்கத் தகட்டில் பரவாமல் வாசரில் போய் நிற்கும்.

பஞ்சிகாவத்தைப் பழசு:
திரும்பப் பூட்டும்போது ஒரு காலை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் கைப்பிடியில் விட்டு, ஸ்லைடரை ஜெக்கால் தாங்கி, முன்னும் பின்னும் இடைவெளியைச் சமன் பார்த்து, நடுக் காலில் இருந்து இறுக்குங்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் இரவல் வாங்கியாவது பாவியுங்கள். சாமானோடு வந்த தாளில் அளவு இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் எம்10 8.8க்கு, மரையில் எண்ணெய் இல்லாமல், 45 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும்.

யூ போல்ட் விஷயத்தில் கவனம். செசியின் உள்பக்கம் பிரேக் குழாயும் டீசல் குழாயும் வயர் கட்டும் ஓடும். யூ போல்ட் அவற்றுக்கும் செசிக்கும் நடுவில் போக வேண்டும், மேலே போட்டு அமுக்கக் கூடாது. நட்டை இறுக்குமுன் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.

வத்தளை டபள்கெப்:
1.25 போல்ட் கடைசிவரை விரலாலேயே போனது. தகட்டை அரத்தால் வெட்டிப் பூட்டிய பிறகு வலப்பக்கம் முன்னே 15, பின்னே 14. காலுக்குக் கிட்ட ஜெக் வைத்து வலது முன் டயர் நிலத்தை விடும் வரை தூக்கினேன், 11க்குக் கீழே இறங்கவில்லை. வேகத்தடைச் சத்தமும் போய்விட்டது. தகடுகளில் பவுடர் கோட்டிங் தடிப்பாக இருக்கிறது, அது அமுங்கி போல்ட் தளருமா?

மலைவீதி:
கொஞ்சம் தளரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, மீமுரே போய்வந்ததும் ஒருமுறை டோர்க் பாருங்கள். போல்ட் தலையில் இருந்து தகடு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், படுத்துப் பார்க்கும்போதே அசைந்தது தெரியும்.

கடற்கரைவாசி:
குழாயின் அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையது வெள்ளவத்தையில் கடல் காற்றில் நிற்பது. இரண்டு பக்கமும் அடைத்த குழாய், உள்ளே இருந்துதான் கறள் தின்றது. ஸ்லைடரில் துளை போடுவதற்கு மலைவீதி கோபிக்க மாட்டார்.