கோவையில் 11 லட்சம், பெங்களூரில் 15 லட்சம்: எது அதிகம்?

கேள்வி: சிறுவாணிக்காரன்

வணக்கம். கோவையில் ஒரு பவுண்டரியில் 14 ஆண்டுகளாக வேலை பார்த்து, இப்போது தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருக்கிறேன். சி.டி.சி., அதாவது நிறுவனம் எனக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, ஆண்டுக்கு 11 லட்சம். மாதம் கைக்கு வருவது 78,000 ரூபாய். பெங்களூரில் பொம்மசந்திரா பக்கம் உள்ள ஒரு நிறுவனம் 15 லட்சம் தருவதாகச் சொல்கிறது. அதில் ஒன்றரை லட்சம் ஆண்டு முடிவில் செயல்பாட்டைப் பார்த்துக் கொடுப்பது. இங்கே அப்பா கட்டிய வீட்டில் இருப்பதால் வாடகை கிடையாது. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியையாக 22,000 வாங்குகிறார். நான்காம் வகுப்பு படிக்கும் மகளை மாலையில் அம்மா பார்த்துக்கொள்கிறார். கோவையை விட்டு வர அம்மாவுக்கு விருப்பமில்லை. நான்கு லட்சம் கூடுதல் என்று கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். எனக்கு மட்டும் கணக்கு நேராக வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: பேரேடு

சம்பளப் பட்டியல் போடுவதே என் தொழில் என்பதால் எண்களை மட்டும் சொல்கிறேன். 15 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 1,25,000 என்று எண்ணிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 7.5 லட்சம் என்று கொண்டால், நிறுவனத்தின் பங்கான பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 90,000, பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 36,000 ஆகிய இரண்டும் அந்த 15 லட்சத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 90,000.

வருமான வரிதான் உங்களுக்குப் புதிய செலவு. 2025-26 முதல் புதிய முறையில், 75,000 நிலையான கழிவையும் சேர்த்து, சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. ஆகவே இன்று நீங்கள் வருமான வரியாக ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. அங்கே அந்த வரம்பைத் தாண்டுகிறீர்கள். 15 லட்சத்தில் நிறுவனத்தின் பி.எஃப்., பணிக்கொடை, நிலையான கழிவு மூன்றும் போக வருமானம் 12.99 லட்சம் வரும்போது, செஸ் என்னும் கூடுதல் வரி உட்பட வரி ஏறக்குறைய 77,800. கர்நாடகத் தொழில் வரி 2,500. எல்லாம் போக, ஆண்டு முடிவில் வரும் ஒன்றரை லட்சம் ஊக்கத்தொகை நீங்கலாக, மாதம் கைக்கு வருவது சுமார் 87,800 ரூபாய்தான். இப்போது வாங்குவதைவிட மாதம் பத்தாயிரம்கூடக் கூடவில்லை.

பி.எஃப். பிடித்தத்தை 15,000 ரூபாய் சம்பளம் என்ற உச்சவரம்புக்கு, அதாவது மாதம் 1,800 என்ற அளவுக்கு, வைத்துக்கொள்ள சில நிறுவனங்கள் சம்மதிக்கும். கைக்கு வருவது கூடும்; ஆனால் அது உங்கள் ஓய்வுக்காலப் பணம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி: பெல்லந்தூர்வாசி

திருப்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 34,000, பராமரிப்பு 4,500, அட்வான்ஸ் இரண்டு லட்சம் கொடுத்திருக்கிறேன். பொம்மசந்திரா பக்கம் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனாலும் இன்று நீங்கள் பூஜ்யம் கட்டும் இடத்தில் அது பெரிய தொகை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2024 மார்ச்சில் எங்கள் குடியிருப்பில் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டுமே குழாய் திறந்தார்கள். சின்னவனைக் குளிக்க வைத்த தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்துக் கழிவறைக்கு ஊற்றினோம். அந்த மாதப் பராமரிப்பு ரசீதில் டேங்கர் லாரிக்கென்று தனியாக ஒரு தொகை ஏறியது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு இது பழகச் சற்று நாளாகும்.

இதையெல்லாம்விட முக்கியமானது உங்கள் மனைவியின் 22,000. என் மனைவியும் ஆசிரியைதான். இங்கே அவருக்கு ஏற்ற வேலை கிடைக்க ஒன்றரை ஆண்டு ஆனது, அதற்குள் மகனை மாலை நேரக் காப்பகத்தில் விட வேண்டியதாயிற்று. உங்கள் அம்மா இன்று செய்யும் வேலைக்கு இங்கே மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

மறுமொழி: அத்திப்பள்ளி வழி

வேலை பொம்மசந்திராவில் என்றால் குடும்பத்தை ஓசூரில் வைக்கலாம். நான் அப்படித்தான் இருக்கிறேன். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 14,000 கொடுக்கிறேன். கம்பெனி பஸ் அத்திப்பள்ளி வழியாக வருகிறது. நெரிசல் இல்லாத நாளில் முக்கால் மணி நேரம். நகருக்குள் போக வேண்டிய நாட்களில், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவைப் பொம்மசந்திராவில் பிடித்து ஆர்.வி. சாலை வரை போய்விடலாம். மகளுக்குத் தமிழ் விட்டுப்போகாது; மனைவிக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளியில் வேலை தேடுவது எளிது. வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்ற தொல்லையும் இல்லை. ஒரு குறை, இரவு பத்து மணிக்கு மேல் மீட்டிங் முடிந்தால் வீடு திரும்புவது சிரமம்; தர மேலாளருக்கு அப்படிப்பட்ட இரவுகள் அடிக்கடி வரும்.

கேள்வி கேட்டவர்: சிறுவாணிக்காரன்

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. நேற்றிரவு மனைவியோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இங்கே இருவர் சம்பளமும் சேர்ந்து ஒரு லட்சம், வாடகை இல்லை. ஓசூரில் இருந்தாலும், மனைவிக்கு வேலை கிடைக்கும் வரை, வாடகை போக 73,800. சென்ற மூன்று ஆண்டுகளில் ஊக்கத்தொகையை முழுதாகக் கொடுத்தார்களா என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன். 15 லட்சத்தையும் நிலையான சம்பளமாக வைத்து, ஊக்கத்தொகையை அதற்கு மேல் தனியாகத் தருவதானால் மட்டும் மேற்கொண்டு பேசலாம் என்றும் எழுதிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.