சோளத்தில் துவரை, மக்காச்சோளத்தில் தட்டைப்பயறு: ஊடுபயிர் அனுபவங்கள்

தானியத்தோடு பயறு வகையை ஊடுபயிராக விதைத்தால், பயறு சேர்க்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) தானியம் உடனே எடுத்துக்கொள்ளும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். என் வயலில் அந்தப் பருவத்துச் சோள இலைகளின் நிறத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. துவரையின் உதிர்ந்த இலைகளும் மட்கிய வேர்களும் அடுத்த பயிருக்கே கைகொடுத்தன.

இந்தக் கூட்டின் ஆதாயம் பயிர்களின் வயதில்தான் இருக்கிறது. துவரை முதல் இரண்டு மாதங்கள் மிக மெதுவாக வளரும். அதற்குள் சோளம் உயர்ந்து, ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பிறகு தடையின்றிக் கிடைக்கும் வெயிலையும், ஆணிவேர் எட்டுகிற அடிமண் ஈரத்தையும் கொண்டு துவரை கிளைத்துப் பூத்து, நீண்ட கால இரகமானால் 180 நாள் வரை நின்று காய்க்கும். இதை அளக்க நிலச் சமன் விகிதம் போதும். தனிப்பயிர் விளைச்சலில் சோளம் 0.85 பங்கும் துவரை 0.60 பங்கும் தந்தால் கூட்டுத்தொகை 1.45, அதாவது ஒரு ஏக்கரில் எடுத்ததைத் தனித்தனியே எடுக்க 1.45 ஏக்கர் தேவைப்பட்டிருக்கும்.

பூக்கும் தறுவாயில் ஒரு துவரைச் செடியை மண்ணோடு தோண்டி, வேரை அலசி, அதிலுள்ள முடிச்சை நகத்தால் கீறிப் பார்ப்பது என் வழக்கம். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால், முடிச்சில் வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியா நன்றாக வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. யூரியாவைத் தாராளமாக வீசிய பகுதியில் முடிச்சுகளே அரிதாகத்தான் இருந்தன. அதனால் இப்போது மேலுரத்தை (பயிர் வளரும்போது இடும் உரத்தை) சோள வரிசையை ஒட்டி மட்டுமே இடுகிறேன்.

*

மேலே சோளம், துவரை பற்றி எழுதிய ஐயா கூறிய வயது வேறுபாடு, நான் பயிரிடும் மக்காச்சோளம், தட்டைப்பயறு கூட்டில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. இங்கே நிழல்தான் சிக்கல். 60 செ.மீ. சீரான இடைவெளிக்குப் பதிலாக வரிசைகளுக்கிடையே 45, 75 செ.மீ. என மாறி மாறி வரும் இணை வரிசையாக மக்காச்சோளத்தை விதைத்தேன். மக்காச்சோளச் செடிகளின் எண்ணிக்கை குறையவில்லை. அகன்ற இடைவெளியில் பயறும் ஓரளவு தேறியது. (ஓரளவுதான், தனிப்பயிரின் காய்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.)

களைக்கொல்லியில் கவனம் தேவை. மக்காச்சோளத்துக்கு வழக்கமாகத் தெளிக்கும் அட்ரசின் பயறு நாற்றுகளைக் கருக்கிவிடும். விதைத்த மூன்று நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது பெண்டிமெத்தலின் தெளித்தால் இரண்டு பயிர்களுக்கும் பொருந்தும். அதற்குப் பின் முளைக்கும் களைகளுக்குக் கைக்களைதான் வழி. நிலம் குத்தகைக்கு எடுத்ததானால், முந்தைய பருவத்தில் அட்ரசின் தெளித்தார்களா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள், அதன் எச்சம் மண்ணில் தங்கிப் பயறைப் பாதிக்கலாம்.