'ஃபார் வாட் இட்ஸ் வொர்த்' போர்ப் பாட்டா, ஊரடங்குப் பாட்டா?

ரெக்கார்ட் பெட்டி:
அமெரிக்க ராக் குழுவான பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டின் இந்தப் பாட்டு, கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பற்றியது என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நாற்பது லைக் வேறு. எரிச்சலாக வருகிறது. அந்தச் சூடு நடந்தது 1970 மே 4. பாட்டு பதிவானது 1966 டிசம்பர் 5. பாட்டை எழுதிய ஸ்டீபன் ஸ்டில்ஸ் என்ன ஜோசியரா?

நடந்தது இதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் கிளப்புகள் நிறைந்த சன்செட் ஸ்டிரிப் தெரு. 18 வயதுக்குட்பட்டவர்கள் இரவு 10 மணிக்கு மேல் அங்கே சுற்றக்கூடாது என்று ஊரடங்கைக் கெடுபிடியாக அமல்படுத்தினார்கள். நவம்பர் 12 அன்று பண்டோராஸ் பாக்ஸ் கிளப் வாசலில் ஆயிரம் பேர் போலத் திரண்டார்கள். போலீஸ் புகுந்தது. நடிகர் பீட்டர் ஃபோண்டாவுக்கே விலங்கு மாட்டினார்கள். மூன்று வாரத்தில் பாட்டு தயார்.

தேன்மொழி:
நேற்று கென்ட் ஸ்டேட் என்று எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கென்ட் ஸ்டேட்டை விடுங்கள். தென்கிழக்கு ஆசியாவில் போர்முனையில் நிற்கும் பையன்களைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருந்ததாக ஸ்டில்ஸே சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு வீட்டுக்குப் போ என்றதற்கா ஒருவர் துப்பாக்கிக்காரனைப் பாட்டில் நிறுத்துவார்?

ரெக்கார்ட் பெட்டி:
"கென்ட் ஸ்டேட்டை விடுங்கள்" என்றால் எப்படி? அதுதானே உங்கள் வாதமே! போரை எழுத நினைத்தார், சரி. தெருவில் இறங்கியதும் கண்ணில் பட்டது என்ன? அந்தப் பத்து மணி. தெருவில் ஆயிரம் பேர், கையில் அட்டை, வாயில் பாட்டு என்று வரியிலேயே இருக்கிறது. வியட்நாம் காட்டில் யார் அட்டை பிடித்தார்கள்?

அரவிந்தன்:
ஒரு பாட்டு எதையோ 'பற்றியது' என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எழுதவைத்த சம்பவமா, கேட்டவர்கள் எடுத்துக்கொண்டதா? அதை முதலில் பேசிவிடலாமே.

தேன்மொழி:
அட்டை பிடித்தவர்கள் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் இருந்தார்கள் ஐயா. வியட்நாமிலிருந்து திரும்பிய என் நண்பரின் அப்பா, கலிபோர்னியாவில் இருக்கிறார், இந்தப் பாட்டு வந்தால் இன்றும் காரை ஓரங்கட்டிவிடுவார். அவரிடம் போய்ப் பத்து மணிக் கதையைச் சொல்லுங்கள்.

நடுநிசி:
ஆரம்பத்தில் மணி அடிப்பது போல இரண்டு ஸ்வரம் விழுகிறதே, அது அதே குழுவில் இருந்த நீல் யங்கின் கிட்டார். அவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கென்ட் ஸ்டேட்டில் நான்கு மாணவர்கள் செத்ததற்கு 'ஓஹையோ' பாட்டை எழுதியதும் அவர்தான். அதே மே 21-இல் பதிவு.

ரெக்கார்ட் பெட்டி:
நடுநிசி, போன வருடம் டிலன் இழையையும் இப்படித்தான் நீல் யங் பக்கம் இழுத்துக்கொண்டு போனீர்கள். நான் மறக்கவில்லை. பாட்டை எழுதியதும் பாடியதும் ஸ்டில்ஸ். தேன்மொழி, காரை நிறுத்துபவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்காக நவம்பர் 12 மாறிவிடாது. அந்தக் கிளப்பை 1967-இல் இடித்தே விட்டார்கள். அங்கே அடி வாங்கிய பிள்ளைகளின் பெயர் சொல்ல மிச்சம் இருப்பது இந்தப் பாட்டு ஒன்றுதான். அதையும் தூக்கிப் போருக்குக் கொடுத்துவிடுவீர்களா?

நடுநிசி:
டிலன் இழையில் தேதியைத் தப்பாகப் போட்டது யார்? நானா?

தேன்மொழி:
துப்பாக்கிக்காரன் யார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ரெக்கார்ட் பெட்டி:
போலீஸ்காரன்! எத்தனை தடவை சொல்வது? மணி பத்து, இடம் சன்செட் ஸ்டிரிப். நடுநிசி, அந்தத் தேதியை அன்றைக்கே திருத்திவிட்டேன், போய்ப் பாருங்கள்.