இனவெறின்னு வாயத் தொறந்தாலே “ஓவரா பேசாத”ன்னு முடிச்சு வைக்கிறாங்க, என்ன பதில் சொல்றது?

பாம்பன்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு பாம்பன், இப்ப சென்னையில எம்ஏ சோசியாலஜி படிக்கிறேன். போன வாரம் கிளாஸ்ல 2017 மார்ச்சுல கிரேட்டர் நொய்டாவுல ஆப்பிரிக்க மாணவங்கள அடிச்ச விசயம் பேச்சுக்கு வந்துச்சு. ஒரு பையன் செத்ததுக்கு நைஜீரியாக்காரங்கதான் காரணம்னு சந்தேகப்பட்டு ஒரு கும்பலு மால்குள்ள புகுந்து சேர், குப்பைத்தொட்டின்னு கையில கெடச்சத எடுத்து அடிச்ச வீடியோ வந்துச்சே, அதுதான். டெல்லியில இருந்த ஆப்பிரிக்க நாட்டுத் தூதருங்க எல்லாம் சேந்து இது இனவெறின்னு அறிக்கை விட்டாங்க, நம்ம அரசாங்கம் ஏத்துக்கல. அடுத்த கொஞ்ச நாள்லயே பாஜகவோட முன்னாள் எம்பி தருண் விஜய் அல் ஜசீரா டிவியில, நாங்க இனவெறி புடிச்சவங்களா இருந்தா தமிழ்நாடு கேரளான்னு மொத்த தெற்கோடயும் எப்படி சேந்து வாழ்வோம், எங்களச் சுத்தி கருப்பு மனுசங்க இருக்காங்களேங்கிற மாதிரி பேசினாரு, அப்புறம் மன்னிப்பும் கேட்டாரு. இன்னொரு பக்கமும் சும்மா இல்ல, 2024ல காங்கிரஸோட சாம் பிட்ரோடா தெற்குல இருக்கவங்க ஆப்பிரிக்கர் மாதிரி இருப்பாங்கன்னு பேசிட்டு பதவிய விட்டு எறங்கினாரு.

இதெல்லாம் எடுத்துச் சொல்லி, இனவெறியே இல்லைன்னு வாதாட வந்தவர் வாயிலேயே யாரு “நாங்க”, யாரு “சுத்தி இருக்கவங்க”ன்னு வந்துருச்சேன்னு நான் கேட்டேன். ப்ரொபசர் என்ன சொன்னாருன்னா, அது சட்டம் ஒழுங்கு பிரச்சினை, இனம்ங்கிறதே அறிவியல்ல கெடையாது, இதெல்லாம் அமெரிக்காவுல இருந்து வந்த பேச்சு, எதுக்கெடுத்தாலும் இனவெறின்னு கெளம்பக்கூடாதுன்னுட்டாரு. அப்ப பின்னாடி பெஞ்சுல ஒருத்தன் “அவ கலருக்கு அவ அப்டித்தான் பேசுவா”ன்னு மெதுவா சொன்னான், நாலஞ்சு பேரு சிரிச்சாங்க, ப்ரொபசர் காதுல விழுந்துச்சு, போர்டு பக்கம் திரும்பிட்டாரு.

நான் அழுவல, சண்டையும் போடல. ஆனா பதில் வரல. அவர் சொல்றதுல ஏதாச்சும் நியாயம் இருக்கா? இல்லைன்னா எப்படி பேசணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழக்கரை காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நான் லண்டன்ல ரொம்ப வருசமா இருக்கேன், இங்க நடந்த ஒண்ணச் சொல்றேன், ஒனக்கு ஒதவும். 1993 ஏப்ரல்ல எல்தம்ங்கிற எடத்துல பஸ் ஸ்டாப்புல நின்ன ஸ்டீபன் லாரன்ஸ்ங்கிற 18 வயசு கருப்பினப் பையன வெள்ளக்காரப் பசங்க கத்தியால குத்திக் கொன்னாங்க. கூட இருந்த கூட்டாளி பதறிப்போயி நிக்கிறான், வந்த போலீஸு அவனப் பாதிக்கப்பட்டவனா பாக்கவே இல்ல, ஏதோ சண்டை போட்ட கோஷ்டி மாதிரிதான் பாத்தாங்க. கேஸு கெட்டுப்போச்சு. பெத்தவங்க விடாம போராடினதுலதான் மெக்பர்சன்னு ஒரு ஜட்ஜு தலைமையில விசாரணை வச்சு 1999ல அறிக்கை வந்துச்சு, லண்டன் போலீஸுல இனவெறி நிறுவனமாவே ஊறிப்போயிருக்குன்னு எழுதினாரு. ரெண்டு பேருக்கு தண்டனை கெடைக்கிறதுக்கு 2012 ஆயிப்போச்சு.

அந்த அறிக்கையில ஒரு பரிந்துரை இருக்கு, அதத்தான் நீ புடிச்சுக்கணும். பாதிக்கப்பட்டவங்களோ வேற யாருமோ ஒரு சம்பவத்த இனவெறின்னு உணர்ந்தா போலீஸு அத இனவெறிச் சம்பவம்னு பதிவு செஞ்சு விசாரிக்கணும். கவனி, பதிவு செஞ்சு விசாரிக்கணும்னுதான் இருக்கு, சொன்ன ஒடனே அடுத்தவன் குத்தவாளின்னு இல்ல. தீர்ப்பு அப்புறம் வரும். ஒன் ப்ரொபசர் செஞ்சது என்னன்னா விசாரிக்காமலே தீர்ப்பு சொல்லிட்டாரு. இல்லைன்னு சொல்றதுக்கும் ஆதாரம் வேணுமுல்ல? இருக்குன்னு சொல்றவங்க கிட்ட மட்டும் ஆதாரம் கேட்டா எப்படி?

தொண்டிக்காரன்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. அந்தப் பையன் பேசினது அசிங்கம், ப்ரொபசர் கண்டிச்சிருக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அவர் சொன்ன வாதத்த அப்படியே தூக்கி எறியக் கூடாது. காக்கா சொன்ன அதே இங்கிலாந்துல 2021 மார்ச்சுல இன வேற்றுமை பத்தி அரசாங்கம் போட்ட ஒரு கமிஷனோட அறிக்கை வந்துச்சு, தலைவர் டோனி செவெல், அவரே ஜமைக்கா வம்சம்தான், மத்தவங்கள்லயும் பெரும்பாலானவங்க சிறுபான்மை இனத்தவங்க. அவங்க இனவெறியே இல்லைன்னு சொல்லல, ஆனா ஒருத்தர் முன்னேறுறதுக்கு ஊரு, குடும்பம், வருமானம், கலாச்சாரம் இதெல்லாம் இனவெறிய விட அதிகமா காரணமா இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கு அவங்கள என்ன திட்டு திட்டினாங்க தெரியுமா. சொன்ன கருத்துக்கு பதில் சொல்லாம ஆள அடிக்கிறதும் வாய அடைக்கிறதுதானே?

இன்னொண்ணு, நான் வேலை பாத்த எடத்துல ஒரு மேனேஜர் மேல இப்படி ஒரு புகார் வந்துச்சு, லீவு குடுக்கலைங்கிற கோவத்துல போட்டது, விசாரிச்சதுல ஒண்ணுமில்லைன்னு ஆச்சு, ஆனா அந்த மனுசன் அதுக்கப்புறம் யாரு மூஞ்சியையும் பாத்துப் பேசல, ட்ரான்ஸ்பர் வாங்கிட்டுப் போயிட்டாரு. அந்த வலியும் வலிதான். எல்லாத்தையும் இனவெறின்னு சொல்லிக்கிட்டே இருந்தா நெசமா நடக்குறப்ப யாரும் காது குடுக்க மாட்டாங்கங்கிறதுதான் என் பயம்.

தேவிபட்டினம் டீச்சர்:
நான் ஹிஸ்டரி டீச்சரா இருந்து ரிட்டயர்ட் ஆனவ. பெருசா எழுதுவேன், பொறுமையா படிங்கம்மா.

“இனம்ங்கிறது அறிவியல்ல இல்ல”ன்னு ஒங்க ப்ரொபசர் சொன்னது உண்மை. ஆனா அத யாரு எப்ப எதுக்குச் சொல்றாங்கன்னு பாக்கணும். நூறு வருசம் முன்னாடி அத அறிவியல்னு சொன்னதும் இதே படிச்ச கூட்டம்தான். மெட்ராஸ் மியூசியத்துல சூப்பிரண்டா இருந்த எட்கர் தர்ஸ்டன்னு ஒரு வெள்ளக்காரர், நம்ம ராமேஸ்வரம் தீவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் வந்து சங்கு, முத்து, கடல் பிராணி எல்லாம் ஆராய்ச்சி செஞ்சவர், அதே மனுசன் காலிப்பர வச்சு தென்னாட்டு சனங்களோட மூக்கு அகலம், மண்டை நீளம் எல்லாம் அளந்து சாதி வாரியா எழுதி வச்சாரு. 1909ல ஏழு வால்யூமா வந்துச்சு. சிப்பிய அளந்தாப்ல மனுசனையும் அளந்திருக்காக. 1901 சென்சஸ் நடத்தின ரிஸ்லி ஒரு படி மேல போயி மூக்கு சப்பையா இருந்தா சாதி கீழன்னு கணக்கே போட்டாரு. அம்பேத்கர் 1948ல என்ன செஞ்சாருன்னா, இந்த மாதிரி மூக்களவுக் கணக்குகளையே எடுத்துப் போட்டு பிராமணரும் தீண்டப்படாதவங்கன்னு ஒதுக்கப்பட்டவங்களும் ஒரே இனம்தான்னு காட்டினாரு. அவரும் “சாதி இனம் இல்ல”ன்னுதான் சொன்னாரு. ஆனா அதனால கொடுமையே இல்லைன்னு முடிக்கல, இனவேற்றுமையே இல்லாத எடத்துல இவ்வளவு கொடுமை எப்படி வந்துச்சுன்னு அடுத்த கேள்விக்குப் போனாரு. ஒங்க ப்ரொபசர் மொத வரியோட நிறுத்திட்டாரு, அம்பேத்கர் அங்க இருந்துதான் ஆரம்பிச்சாரு.

அரசியல்ல நடந்ததையும் சொல்றேன். 1946ல தென்னாப்பிரிக்காவுல இந்தியர்கள நடத்துற விதத்த ஐநாவுக்குக் கொண்டு போனது நம்ம நாடு, விஜயலட்சுமி பண்டிட் போயி வாதாடினாக. தென்னாப்பிரிக்கா சொன்ன பதில் என்ன? இது எங்க உள்நாட்டு விவகாரம், ஐநா தலையிடக் கூடாது. அந்த இந்தியர்கள்ல பாதிக்கு மேல தமிழங்க தெலுங்கங்க, 1860ல ட்ரூரோங்கிற மொதக் கப்பலே மெட்ராஸ்ல இருந்துதான் டர்பனுக்குப் போச்சு. அதே டர்பன் ஊர்ல 2001ல ஐநா இனவெறி எதிர்ப்பு மாநாடு போட்டப்ப, தலித் அமைப்புகள் சாதியையும் பேசணும்னு கேட்டப்ப, நம்ம அரசாங்கம் சொன்னதும் ஏறக்குறைய அதே பதில்தான், சாதி வேற இனம் வேற, இது எங்க உள்விவகாரம், நாங்களே சட்டம் போட்டுப் பாத்துக்குறோம். ஆந்த்ரே பெத்தேய்ங்கிற பெரிய சமூகவியலாளர் சாதிய இனம்னு சொல்றது அறிவியலுக்கே பொருந்தாத பேச்சுன்னு பேப்பர்ல எழுதினாரு. அவர் எழுதினது பொய்யில்ல, அவர் படிப்புல நேர்மையாத்தான் எழுதினாரு. ஆனா அந்த வரிய அரசாங்கத்துப் பக்கம் பேசினவங்க எடுத்து கதவச் சாத்த வச்சுக்கிட்டாங்க. இத்தனைக்கும் 1965 ஐநா இனப்பாகுபாடு ஒப்பந்தத்துல வம்சாவளியும் ஒரு காரணமா இருக்கு, அதச் சேக்கச் சொன்னதே இந்தியாதான். 2002ல ஐநா குழு வம்சாவளின்னா சாதியும் அடங்கும்னு தெளிவா சொல்லிருச்சு.

தொண்டித் தம்பிக்கு ஒண்ணு. ஒங்க மேனேஜர் மேல பழி இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுச்சு? விசாரிச்சதால. விசாரிக்காம விட்டிருந்தா அவர் மேல அந்தச் சந்தேகம் அப்படியே நின்னிருக்கும்.

நம்ம மாவட்டத்துக்காரங்க இதப் பேசுறப்ப ஒண்ணு மறக்கக் கூடாது, 1957ல இம்மானுவேல் சேகரன பரமக்குடியில வெட்டிக் கொன்ன மண்ணு இது. இன்னைக்கும் சாதியால நடந்த அடிதடிய “சொந்தத் தகராறு”ன்னு மாத்திச் சொல்ல டீக்கடையில ஆளு இருக்கு. டெல்லிக்காரன் நம்மளப் பாத்து சொன்னா கோவம் வருது, நாம அடுத்த தெருவப் பாத்து அதையே சொல்றோம்.

மண்டபம் முகாம் பெடியன்:
டீச்சர் சொன்னதுக்கு மேல நான் ஒண்டும் பெருசா சொல்ல இல்ல, ஆனா இத எழுதாம இருக்க ஏலல. நான் முகாம்ல பிறந்தவன், அப்பா அம்மா 1990ல இலங்கையில தலைமன்னார்ப் பக்கம் இருந்து படகுல வந்தவை. எங்கட பெரியப்பா நல்லா படிப்பார். 1970ல மெடிக்கல் காலேஜுக்கு தமிழ் மீடியத்துல எழுதினவைக்கு கட் ஆஃப் 250, சிங்கள மீடியத்துக்கு 229. அதுக்குப் பிறகு தரப்படுத்தல் எண்டு, மீடியத்தையும் மாவட்டத்தையும் பாத்து இடம் பிரிக்கிற முறையள மாத்தி மாத்தி கொண்டு வந்தாங்க. கேட்டா பின்தங்கின பிள்ளைகளுக்காக எண்டு பதில். பின்தங்கின மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உதவ வேணும்தான், அதுல உண்மை இருக்கு, ஆனா 250ம் 229ம் மாவட்டத்த வச்சுப் பிரிச்சது இல்லயே. 2009 மே மாசம் சண்டை முடிஞ்ச கையோட ராஜபக்ச பார்லிமெண்ட்ல நிண்டு இனி இந்த நாட்டுல சிறுபான்மை எண்டே இல்ல, நாட்ட நேசிக்கிறவை நேசிக்காதவை எண்டு ரெண்டு கூட்டம்தான் எண்டு சொன்னார். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்குப் பிறகு ஒருத்தன் தமிழன் எண்டதால எனக்கு இது நடந்தது எண்டு வாய் திறந்தா அவன் எந்தக் கூட்டத்துல சேருவான்?

இங்கயும் ஒண்டு இருக்கு. 2021ல அகதிகள் முகாம் எண்ட பேர மறுவாழ்வு முகாம் எண்டு மாத்தினவை, நல்ல விசயம், சந்தோசம். ஆனா வேலைக்குப் போற இடத்துல ஆதார் கார்டுல முகாம் அட்ரஸப் பாத்ததும் முகம் மாறுறத நான் நிறைய தடவ பாத்திருக்கன். ரூம் வாடகைக்குக் கேட்டா “வீடு விட்டாச்சு தம்பி” எண்டு சொல்லுவினம், டூலெட் போர்டு அங்கயே தொங்கும். இதச் சொன்னா நம்ம தமிழங்களே “நாங்க ஒங்களத் தொப்புள்கொடி உறவாத்தான பாக்குறோம், இங்க யாரு பிரிச்சுப் பாக்குறா” எண்டு கேப்பினம். அன்பாத்தான் சொல்லுவினம், அதாலதான் மேல பேச முடியாமப் போகுது.

பாசிக்கார அம்மா மகன்:
அக்கா, நான் ஒங்க ஊருப் பக்கந்தான், சின்னப்பாலம். எங்கம்மா கடல்பாசி எடுக்கப் போவாக, பாசி இல்லாத நாள்ல மீன் விக்கப் போவாக. கூடைக்கு அடியில சாக்கு விரிச்சு மேல பாலித்தீன் கட்டி தண்ணி ஒழுகாம கொண்டு போவாக, அப்படியும் பஸ்ல ஏறினா பின்னாடி போன்னு சத்தம், பக்கத்து சீட்டுல ஒக்காந்த பொம்பள எந்திரிச்சுப் போயிரும். அம்மா டிக்கெட் காச எப்பவும் சில்லறையா கையில வச்சிருப்பாக, கண்டக்டர் கைய தொட வேண்டி வரக்கூடாதுன்னு, மேல இருந்து போட்டுருவாக. இத நான் காலேஜ்ல சொன்னப்ப “மீன் நாத்தம் தாங்க முடியாமத்தான் சொல்றாங்க, இதுல என்ன பாகுபாடு”ன்னாங்க. 2021 டிசம்பர்ல குளச்சல்ல ஒரு மீன்கார அம்மாவ நாத்தம் அடிக்குதுன்னு பஸ்ஸ விட்டு எறக்கி விட்டு அவக பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்தின வீடியோ வந்தப்புறம்தான் முதலமைச்சரே கண்டிச்சாரு, பஸ் ஊழியர்கள சஸ்பெண்டு பண்ணாங்க. வீடியோ இல்லைன்னா அதுவும் “அந்தம்மா ஓவரா பேசுது”ன்னு போயிருக்கும்.

தொண்டிக்காரன்:
டீச்சர் கேட்டது நியாயம், ஒத்துக்கிறேன். ஆனா செவெல் கமிஷன் பத்தி நான் சொன்னதுல மாறல, புள்ளிவிவரத்த வச்சு ஒரு முடிவுக்கு வந்தவங்கள இனத் துரோகின்னு சொல்லக் கூடாது. விசாரிச்சுட்டு இல்லைன்னு சொல்றவனும் விசாரிக்காமலே இல்லைன்னு சொல்றவனும் ஒண்ணில்ல, அந்த வித்தியாசம் ரெண்டு பக்கமும் இருக்கணும். பாம்பன் தங்கச்சி, நீ புகார் குடு. குடுக்குறப்ப ப்ரொபசர் கருத்து மேல குடுக்காத, கருத்து அவர் உரிமை. கிளாஸ்ல அந்தப் பேச்சு விழுந்தும் கண்டுக்காம விட்டது மேல குடு.

தேவிபட்டினம் டீச்சர்:
தம்பி சரியாச் சொன்னாரு. அன்னைக்கு நடந்தத அன்னைக்கே தேதி போட்டு, யாரு எந்த வரிசையில ஒக்காந்திருந்தாங்க, யாரு என்ன வார்த்த சொன்னாங்கன்னு எழுதி வைம்மா, நாள் போனா நமக்கே கலங்கிரும். 2012ல யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட விதிப்படி ஒவ்வொரு காலேஜ்லயும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அதிகாரியும் இருக்கணும். சாதிப் பாகுபாட்டால உயிர விட்டாங்கன்னு பேசப்பட்ட ரெண்டு பேரு, ஐதராபாத்துல 2016ல செத்த ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலாவோட அம்மாவும் மும்பையில 2019ல செத்த டாக்டர் பாயல் தட்வியோட அம்மாவும் அந்த விதி ஏட்டுலதான் இருக்குன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டுக்கே போனாக. 2026 ஜனவரியில புது விதி வந்துச்சு, தப்பா பயன்படுத்திருவாங்கன்னு எதிர்ப்பு வந்து அந்த மாசமே கோர்ட்டு நிறுத்தி வச்சு, பழைய 2012 விதியே தொடரட்டும்னு சொல்லிருச்சு. அதனால அதுபடியே எழுதிக் குடு, குடுத்ததுக்கு கையெழுத்து போட்ட காப்பி வாங்காம வராத.

பாம்பன்காரி:
எல்லாருக்கும் நன்றி, டீச்சர் எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். எழுதி முடிச்சுட்டேன், பக்கத்துல ஒக்காந்திருந்த பொண்ணு சாட்சியா கையெழுத்து போடுறேன்னுட்டா, அவளும் சிரிச்சவள்ல ஒருத்திதான், அவளே வந்து சொன்னா. சம வாய்ப்புப் பிரிவு எங்க இருக்குன்னு சீனியருங்க மூணு பேர்ட்ட கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல, ஆபீஸ்ல கேட்டா லைப்ரரி மாடியப் பாருங்கன்னாங்க, அங்க ரூம் பூட்டியிருக்கு, வெளிய பேரு ஒண்ணும் இல்ல. திங்கக்கெழம ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்லயே நேரா குடுக்கப் போறேன்.